பூனைக்கென்று வாங்கிய ஓரா

…பூனைக்கு என்று ஏன் சொன்னாள், வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், தோட்டம் கொத்த வந்த ஆட்களுக்கு என்று, யாழ்ப்பாணத்திலிருந்து விருந்து வருகிறது என்று, ஏன், உள்ளதையே சொல்லியிருக்கலாமே, பிள்ளைக்கு என்று, அந்தச் சொல் தொண்டைவரை வந்ததுதான், பல்லுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றதுதான், பிறகு பூனையாக மாறி வெளியே குதித்துவிட்டது. இந்த வளவில் பூனையே இல்லை. அது சந்தியோகுவுக்குத் தெரியாதா, மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நாள்முதல் மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் உடுவில் ஒழுங்கையெல்லாம் திரிகிறவன், எந்த வீடு மச்சம், எந்த வீடு சைவம், எந்த வீட்டில் வெள்ளி செவ்வாய் மட்டும் சைவம் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறவன், இந்தப் படலையடியில் ஒரு நாளும் மணி அடிக்காதவன். ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி முகத்தை நல்ல பிள்ளைபோல வைத்துக்கொண்டு கேட்டானே, "பூனைக்கெண்டா சின்னச் சூடைமீன் காணுமே அம்மா, உங்கடை பூனை ஓராவோ கேக்குது?" பதிலுக்கு அவள் என்ன சொன்னாள்… ஓம் என்றாள். "வெட்டித் தரட்டோ?" வேண்டாம், பூனைக்குத்தானே. பொய்யைச் சொன்னால் பொய்க்குப் பின்னால் நடக்கத்தான் வேண்டும். "அப்ப பூனையிட்டைச் சொல்லுங்கோ, முள்ளுக் கவனமெண்டு. ஓரா முள்ளுக் குத்தினா பொழுதுபடுமட்டும் கடுக்கும்." பெடலில் காலை வைத்த பிறகு, திரும்பாமலே, "மயிலிட்டிச் சந்தியோகு சுகம் கேட்டதெண்டும் சொல்லுங்கோ."

மீன் விற்க வந்தவனல்ல அவன், சேதி சொல்ல வந்தவன். பிள்ளையின்ரை சின்னம்மா லூர்த்தம்மா இண்டைக்கு மத்தியானம் வாறாவாம். குடும்பத்தோடை மடுவுக்குப் போறாவாம், கிளாலிக் கடலாலை வள்ளத்திலை, போகமுந்திப் பிள்ளையை ஒருக்காப் பாக்கவேணுமாம். பாக்கவோ, என்று கேட்டாள் மகாதேவி. "பாக்கத்தான் அம்மா. பாத்துப்போட்டுத்தான் மிச்சத்தை யோசிப்பாவாம்." மிச்சம் என்றால் என்ன? அவனிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்டால் அவன் சொல்லிவிடுவானே என்ற பயம். இப்போது பின்வளவில், கிணற்றடிக்கு அப்பால், மூன்று கல்லை வைத்து மூட்டிய அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்க அந்த மிச்சம் புகையோடு சேர்ந்து கண்ணுக்குள் போகிறது. மிச்சம் என்றால் பிள்ளைதான், வேறென்ன. மடுவில் மாதா கோயில் உண்டு, அகதி முகாம் உண்டு, பிள்ளையின் சொந்தச் சனம் முழுக்க அங்கே போகிறது, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று லூர்த்தம்மா கையை நீட்டினால் குறுக்கே நிற்க யாருக்கு வாய் இருக்கிறது. விதானையாருக்கு முன்னால் கையெழுத்து வைத்ததுதான், பள்ளிக்கூட இடாப்பில் புருஷனின் பேரைத் தகப்பன் பேராகப் போட்டுச் சோமசேகரம் அருமைநாயகி என்று பதிந்ததுதான், கடதாசி கடதாசிதான், ஆனால் சொன்ன சொல்? லூர்த்தம்மா கேட்டது ஒரே ஒரு சொல்லைத்தானே.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், மயிலிட்டிச் சனம் முழுக்க உடுத்த உடுப்போடு வந்து பள்ளிக்கூடத்து மண்டபத்தில் கிடந்தது. மகாதேவி சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு போனாள், பருப்பும் கத்தரிக்காயும், எல்லாரும் பிரித்துச் சாப்பிட ஒரு பிள்ளை மட்டும் சோற்றைக் கிளறிக் கிளறி எதையோ தேடியது, ஐந்து வயது இருக்கும், தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் அழாமல் பார்சலை மூடி மடியில் வைத்துக்கொண்டது. தகப்பன் கனிசியஸ் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, தாய் ஓடிவந்த வழியில் ஷெல் விழுந்து போய்விட்டாள், தாயின் தங்கை லூர்த்தம்மாவுக்குத் தன்னுடையதே நாலு. பிள்ளையில்லாத வீடு, சோறில்லாத பிள்ளை, யார் முதலில் யாரைக் கேட்டது என்று இப்போது நினைத்தாலும் தெளிவில்லை. கையில் பிடித்துக் கொடுக்கும்போது லூர்த்தம்மா அழவில்லை, சண்டைக்காரிபோலத்தான் நின்றாள். "எங்கடை வேதத்திலை வளக்கச்சொல்லி நான் கேக்கேல்லை அக்கா, அதை ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார். பேரை மாத்தினாலும் பரவாயில்லை. மீனை மட்டும் நிப்பாட்டிப்போடாதேங்கோ. நாக்கு மறந்தா எங்களை மறந்திடும்." மகாதேவி தலையாட்டினாள். தலையை மட்டுமா ஆட்டினாள், ஓம் தங்கச்சி என்று வாய்விட்டும் சொன்னாள், பிள்ளை லூர்த்தம்மாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது…

கையைப் பார்த்தாள். வலது கைப் பெருவிரல் வீங்கி மினுங்குகிறது. சந்தியோகு சொன்னதுதான் நடந்தது, முதல் மீனிலேயே, வயிற்றை எங்கே கீறுவதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதே முதுகு முள் ஏறிவிட்டது, கடுப்பு முழங்கைவரை வந்து இப்போது கக்கத்தைத் தேடுகிறது. மீனுக்குக் கண் மூடாது என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும். நாற்பத்திரண்டு வயதுவரைக்கும் அதைத் தெரியாமலே இருந்திருக்கிறாள். சாம்பல் போட்டு உரஞ்சினாள், தேசிக்காய்க் கோது வைத்துத் தேய்த்தாள், சவுக்காரம் இருந்தாலாவது… சவுக்காரத்தைக் கடையில் கண்டு எத்தனை மாதம், கப்பலும் வராது, பாதையும் இல்லை, மணம் போகாது, லூர்த்தம்மா வந்து கையைப் பிடித்தால் கண்டுபிடிப்பாளா, மீன் வெட்டிப் பழகின கைக்கு முள் இப்படியா ஏறும் என்று கேட்டால்? அவர் இப்போது வீட்டில் நின்றிருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரும் சந்தியோகு சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார், சைக்கிளைத் துடைத்த துணியால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு. "உதுக்குத்தான் அண்டைக்கே சொன்னனான், செய்ய ஏலாததைச் சொல்லிப்போட்டீர் எண்டு." பிறகு குரலை இறக்கி, "காய்ச்சிறதெண்டாக் காய்ச்சும். குசினிக்குள்ளை வேண்டாம். பின்வளவிலை." அவ்வளவுதான், சங்கக்கடையில் வேலை என்று போய்விட்டார், சனிக்கிழமையில் சங்கக்கடை எங்கே திறக்கிறது. அவருக்கும் பயம்தான். பயந்த ஆண்பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் இருக்கிறது, ஏறிப் போய்விடுகிறார்கள்.

மகாதேவிக்குத் தெரிந்த சமையல் ஒன்றுதான். கத்தரிக்காய்க்கு எப்படியோ அப்படித்தான் இதற்கும், புளியைக் கரைத்தாள், தூள் போட்டாள், வெந்தயம், உள்ளி, கறிவேப்பிலை, கடைசியில் கை தன்பாட்டில் டப்பாவைத் திறந்து பெருங்காயத்தை நுள்ளிப் போட்டுவிட்டது, போட்ட பிறகுதான் மனம் கேட்டது, மீனுக்குப் பெருங்காயம் போடுவார்களா? யாரைக் கேட்பது. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா ஞானாம்பிகை இருக்கிறாள், வெள்ளைப் பூடு மணந்தாலே முகம் சுளிக்கிறவள். நினைத்து முடியவில்லை, வேலிக்கு மேலால் குரல் வந்துவிட்டது. "மகாதேவி, எங்கையோ மச்சம் மணக்குதெல்லே. உந்த அகதிச் சனம் வந்த நாளிலிருந்து ஊரிலை மூக்கோடை இருக்க ஏலாது." "ஓம் மச்சாள், காத்து அங்காலையிருந்து அடிக்குது." காற்று அங்காலையிருந்து அடிக்கிறது! உந்த அகதிச் சனம் என்றபோது அவள் பிள்ளையும் அதற்குள்தானே நின்றது, ஓம் மச்சாள் என்று அவளுடைய வாயே பிள்ளையை வேலிக்கு அங்காலே தள்ளிவிட்டதே… புகை பனைமட்டையிலிருந்து கறுப்பாக எழும்பி நேரே மேலே போகிறது, போகட்டும் என்று விடவும் பயம், பகலில் புகை கண்டால் மேலே குண்டுபோடப் பறக்கிறவன் என்ன நினைப்பான், பன்னாடையைக் குறைத்தாள், நெருப்புத் தணிந்தது, குழம்பு கொதிக்கவில்லை, திரும்பச் சிரட்டையைத் திணித்தாள். மத்தியானம் என்றால் எந்த மத்தியானம், சனம் சாப்பிடுகிற நேரமா, சாப்பாட்டுக்கு முன்னாலா?

அகப்பையை விட்டுக் கிளறினாள். அடிப்பிடித்தால் எல்லாம் போச்சே. கிளறக் கிளற மீன் உடைகிறது, முதலில் தோல் கழன்றது, பிறகு சதை ஒரு பக்கம் முள் ஒரு பக்கம், ஒரு தலை தனியே மிதந்து வந்து அவளைப் பார்த்துவிட்டு அடியில் போனது. மூன்று வருடமாக மீன் காய்ச்சிப் பழகிய குசினியின் கறியா இது? லூர்த்தம்மா சட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். கேள்வியே கேட்கமாட்டாள். அவளுக்கு என்ன பதில் இருக்கிறது, நான் வேண்டுமென்று செய்யவில்லை தங்கச்சி, முதல் கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு ஆடி அமாவாசை, பிறகு நல்லூர்க் கொடியேறிவிட்டது, பிறகு கந்தசஷ்டி, சைவ வீட்டில் விரத நாள்களைக் கழித்தால் மிச்சம் எத்தனை நாள் இருக்கிறது… அது பொய். மிச்ச நாள் இருந்தது. வேண்டுமென்றேதான் செய்தாள். நாக்கு மறந்தால் எங்களை மறந்திடும் என்று லூர்த்தம்மா சொன்னாளே, அந்த இடத்திலேயே அவளுக்கு வழி தெரிந்துவிட்டது, மறக்கட்டும் என்று நினைத்தாள், கடல், ஷெல், வழியில் விழுந்து கிடந்த தாய் எல்லாவற்றையும், மறந்துவிட்டால் பிள்ளைக்கும் நல்லதுதானே, மறந்துவிட்டால் தனக்கே தனக்குத்தானே. மறந்தும் விட்டதே. ஒரு நாளாவது மீன் என்று வாய் திறந்ததா? எதை வைத்தாலும் சாப்பிடும், சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால் முதலில் மகாதேவியின் முகத்தை ஒருமுறை பார்க்கும், பிறகு குனிந்து சாப்பிடும், பாவற்காயைக்கூட மிச்சம் விடாது. சுன்னாகம் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது மீன்கடைப் பக்கம் வந்ததும் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அவளுடைய சேலைக்குள் புதைத்ததே, அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் கால் நிலத்தில் படவில்லை, பாத்தியளே, மணம் பிடிக்குதில்லை, எங்கடை பிள்ளையாய் வந்திட்டுது என்று அவரிடம் சொன்னாள். மறந்த பிள்ளைக்கு இன்றைக்கு மீனைக் காட்டினால்? ஐயோ, உது என்ன என்று கேட்டு ஓங்காளித்தால்? லூர்த்தம்மாவுக்கு முன்னால்? அல்லது மறக்காமல் இருந்து, ஒரு வாய் வைத்ததும் எல்லாம் திறந்துகொண்டு, சின்னம்மா நானும் வாறன் என்று… எது பெரிய பயம்? இரண்டும் ஒரு தராசில் வைத்ததுபோல ஆடிக்கொண்டு நிற்கிறது.

"அம்மா." தேவார வகுப்பு முடிந்து வந்துவிட்டாள். நெற்றியில் திருநீறு, கையில் தேவாரக் கொப்பி, இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்திருக்கிறது. கிணற்றடியில் நின்றுவிட்டாள், கிட்ட வரவில்லை, மூக்கு மட்டும் ஒருமுறை விரிந்து சுருங்கியது, முகத்தில் வேறொன்றும் இல்லை. என்ன சொல்வது இவளுக்கு, உன் சின்னம்மா வருகிறாள் என்றா, இது மீன் என்றா, மகாதேவி வாயைத் திறக்கும்போதுதான் வடக்கிலிருந்து அந்தச் சத்தம் வந்தது, சகடை என்று சனம் பெயர் வைத்திருக்கும் கனத்த விமானம், தேர்ச்சில்லு உருளுகிறமாதிரி உறுமிக்கொண்டு, மேலே வந்து சுற்றத் தொடங்கினால் எங்கே கொட்டும் என்று அதற்கே தெரியாது. "பங்கருக்கை போ, பிள்ளை! ஓடு!" அகப்பையைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு எழும்பினாள், கால் மரத்திருந்தது, புகை, நெருப்பை அணைக்க வேண்டும், தண்ணீர் எங்கே, வாளி கிணற்றுக்கட்டில்… பிள்ளை ஓடவில்லை. கொப்பியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். அடுப்படிக்கு வந்தாள். "அகப்பையை எடுங்கோ அம்மா. மீனுக்கு அகப்பை போடக்கூடாது." சொல்லிக்கொண்டே தானே எடுத்து இலையில் வைத்தாள், கிடந்த பிடிதுணியை இரண்டாகக் கிழித்தாள், சட்டியின் வாயை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, இந்தப் பக்கம் ஒரு சுழற்று, நிறுத்தி, அந்தப் பக்கம் ஒரு சுழற்று, உடைந்தது உடைந்ததுதான், உடையாத துண்டுகள் குழம்புக்குள் புரண்டு முகம் காட்டி அமர்ந்தன. எட்டு வயதுக் கை. பழகிய கை என்று சொல்ல முடியாது, பார்த்துப் பார்த்துக் கிடந்த கை. எத்தனை நாள் பெற்றவளின் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் இது வரும், இதைத் தெரிந்துகொண்டு இவ்வளவு காலமும் எங்கே வைத்திருந்தாள்? சட்டியை மண்ணில் இறக்கி மூடினாள், வாளித் தண்ணீரை நெருப்பில் ஊற்றினாள், சீறிக்கொண்டு வெள்ளைப் புகை எழும்பியது, பிறகுதான் மகாதேவியின் கையைப் பிடித்து இழுத்தாள், வீங்கிய விரல் உள்ள கை, மகாதேவி ஆ என்றாள்.

பதுங்குகுழிக்குள் பனங்குற்றிக் கூரைக்குக் கீழே இரண்டு பேருக்குத்தான் இடம், மூன்றாமவர் இருந்தால் முழங்கால் முட்டும், இருட்டு, பச்சை மண் மணம், அதற்கு மேலால் மீன் மணம், அவளுடைய கையிலிருந்தும் பிள்ளையின் கையிலிருந்தும். சத்தம் தலைக்கு நேரே வந்தது. சிவபெருமானே, இப்போது இல்லை, இன்றைக்கு இல்லை. லூர்த்தம்மா வழியில் நிற்பாளோ, வெளியில், ஒதுங்க இடமில்லாமல்? அந்த நினைப்புக்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பு எட்டிப் பார்த்தது, லூர்த்தம்மா வராமலே போனால்… சீ, என்ன மனம் இது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஓரா குத்தினதோ?" என்று பிள்ளை கேட்டாள், விரலைத் தொடாமல். "ஓம்." "சுடுதண்ணியிலை வைச்சா விடும்." "ஆர் சொன்னது?" சகடை சுற்றி மறுபக்கம் போனது, தூரத்தில் ஒன்று விழுந்தது, காங்கேசன்துறைப் பக்கமாக இருக்கும், மண் உதிர்ந்து கழுத்துக்குள் போனது. "அம்மாதான்," என்றாள் பிள்ளை, உடனே, பிழைவிட்டவள்போல, "அந்த அம்மா."

"உனக்கு மீன் விருப்பமோ, குஞ்சு?" கேட்டிருக்க வேண்டிய கேள்வி, மூன்று வருடம் பிந்திய கேள்வி, இருட்டென்றபடியால் கேட்க முடிந்தது. பிள்ளை யோசித்தாள், யோசிப்பது கேட்டது, மூச்சில். "உங்களுக்கு விருப்பமில்லைத்தானே," என்றாள். அவ்வளவுதான் பதில். சந்தையில் சேலைக்குள் முகத்தைப் புதைத்தது மணம் பிடிக்காமலா, பிடித்தது தெரிந்துவிடக் கூடாதென்றா? மகாதேவிக்கு விரலின் கடுப்பு நெஞ்சுக்கு வந்துவிட்டதுபோல இருந்தது. பிள்ளை அவளுக்குக் கிட்ட நகர்ந்து, வேலிக்கு அங்காலே மாமிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல மெல்லமாகச் சொன்னாள், "சந்தியோகு மாமாவை ஒழுங்கையிலை கண்டனான். சின்னம்மா வாறாவாம். பயப்பிடாதேங்கோ அம்மா, சின்னம்மா கேட்டா ஞாயித்துக்கிழமையிலை ஞாயித்துக்கிழமையிலை மீன் சாப்பிடுறனான் எண்டு சொல்லுறன்." பிறகு தன் கையை மணந்து பார்த்து, "பெருங்காயம் மணக்குது. அதைக் கண்டுபிடிச்சிடுவா. எனக்கு விருப்பமெண்டு எனக்காகப் போடுறனீங்கள் எண்டு சொல்லுறன்."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள். ஒழுங்கையிலிருந்து கிணற்றடி வரும் தூரத்துக்குள்ளா? இல்லை, இது இன்றைக்கு யோசித்ததில்லை, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கே கேட்டிருக்கிறாள், என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், சொன்னதில் எது நடக்கவில்லை, எல்லாம் தெரிந்துகொண்டு வைக்கிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை? சத்தம் தேய்ந்து போனது. குயிலோ எதுவோ ஒன்று முதலில் கூவிப் பார்த்தது. படலை கிரீச்சிட்டது. "அக்கா… அக்காவோய், வீட்டிலை ஆரும் இல்லையோ? சகடைக்காரன் என்னையும் ஒழுங்கை மதகுக்குள்ளை படுக்க வைச்சிட்டானெல்லே!" லூர்த்தம்மாவின் குரல்தான், அதே சண்டைக்காரக் குரல், சிரிப்பும் கலந்து. பிள்ளை எழும்பி ஓடுவாள் என்று மகாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். ஓடவில்லை. கண்ணைத் திறந்தபோது, வாசலால் விழுந்த வெளிச்சத்தில், பிள்ளை அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என்ன முகத்தோடு மேலே ஏறிப் போகவேண்டும் என்று அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோல. அந்தப் பார்வை மகாதேவிக்குப் புதிதல்ல. கோப்பையைப் போடும் ஒவ்வொரு முறையும், சோற்றில் கை வைப்பதற்கு முன்னால் பார்க்கிற பார்வை. பாசம் என்றல்லவா நினைத்திருந்தாள் அதை. ஒருமுறை கையில் பிடித்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை, இன்னொரு முறையும் கொடுபட்டுவிடாமல் இருக்க முகம் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறது… "அக்கா!" என்று மேலே, இப்போது அடுப்படியிலிருந்து, திரும்பவும் கேட்டது, மூடிய சட்டியின் மூடி தூக்கப்படும் சத்தமும் கேட்டது, மகாதேவி எழும்பவேண்டும், எழும்ப முன்னம் முகத்தை ஏதாவது ஒரு மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும், பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறாள்…